36 விநாடி சைக்கிள், 4 கேவிட்டி: எஸ்ஏபியில் ரூட்டிங்கும் அடிப்படைத் தரவும் அமைக்கும் முறை

பினாங்கின் பிறையில் ஓர் இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷின் 36 விநாடிக்கு ஒரு ஷாட் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோல்டில் 4 கேவிட்டி, அதாவது ஒரு ஷாட்டில் 4 மூடி. ஒரு மூடிக்கு 9 விநாடி. தளத்தில் கணக்கு இவ்வளவுதான். ஆனால் இந்த 9 விநாடி எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருளின் ரூட்டிங்குக்குள் (வேலைகளின் வரிசையும் நேரமும்) போய் உட்கார்ந்துவிட்டால், டெலிவரி தேதி, மெஷின் லோடு, பீஸின் அடக்கவிலை மூன்றும் அதைப் பிடித்துக்கொண்டே ஓடும். தவறான அலகில் போட்டால் மூன்றும் சேர்ந்தே தவறும். எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் போகும்.

இங்கே சொல்வது எஸ்ஏபியின் புதிய பதிப்பான எஸ்/4 ஹானாவுக்கானது. முந்தைய பதிப்பான இசிசியிலும் பெரும்பகுதி பொருந்தும். எடுத்துக்காட்டாக ஒரே ஒரு பொருளைக் கடைசி வரை எடுத்துக்கொள்கிறோம்: ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் ஒரு கருவி மூடி. மோல்டிங், 4 பித்தளை இன்சர்ட் பதித்தல், பேட் பிரிண்டிங், சோதித்துப் பெட்டியில் அடுக்குதல் என்று நான்கு வேலை.

ஒரு கொள்கையை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். மெஷின் நிற்பது, பீஸ் கெடுவது, வரிசையில் காத்திருப்பது என்று இழப்புகள் பல. ஒவ்வோர் இழப்பையும் சிஸ்டத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் சொல்ல வேண்டும். எஸ்ஏபியில் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு இடம் இருக்கிறது. புரொடக்ஷன் ஆள் ஓர் இடத்தில் கொஞ்சம் கூட்டுவார், பிளானர் இன்னோர் இடத்தில், காஸ்டிங் ஆள் மற்றோர் இடத்தில். ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடுதான் செய்வார்கள். எல்லாம் பெருக்கிக்கொண்டு வரும்போது நிஜத் தளத்துக்கும் சிஸ்டத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

காலண்டரில் தொடங்குங்கள்

பெரும்பாலோர் மெட்டீரியல் மாஸ்டரில் (ஒவ்வொரு பொருளுக்குமான பதிவில்) தொடங்குவார்கள். நாங்கள் காலண்டரில் தொடங்கச் சொல்வோம். தேதிக் கணக்கு எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது.

எஸ்சிஏஎல் என்ற டிரான்சாக்ஷனில் (திரையைத் திறக்கும் குறியீடு; எம்எம்01, சிஆர்01 போல் பின்னால் வருபவையும் இப்படித்தான்) பொது விடுமுறைகள், ஹாலிடே காலண்டர், ஃபேக்டரி காலண்டர் என்ற வரிசையில் அமைக்க வேண்டும். மெர்டேக்கா (சுதந்திர தினம்), மலேசியா தினம், மே தினம் போன்றவை நிலையான தேதி. ஒருமுறை போட்டால் போதும். தைப்பூசம், தீபாவளி, ஹரிராயா, சீனப் புத்தாண்டு எல்லாம் நகரும் விடுமுறை. இவற்றை ஃப்ளோட்டிங் வகையில் வைத்து ஒவ்வோர் ஆண்டுக்கும் தேதியைக் கையால் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலையில் காவடிகள் ஏறிக்கொண்டிருக்கும்போது, பிளானில் எல்லா மெஷினும் முழு ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும். விடுமுறை ஓய்வு நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாள் விடுமுறை என்பதையும் பாருங்கள்: 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு; ஞாயிறு ஓய்வு நாளாக உள்ள கம்பெனியில் திங்களும் விடுமுறை.

காலண்டருக்கு முடிவு ஆண்டு ஒன்று உண்டு. அது தாண்டிய தேதிக்கு ஷெட்யூலிங் செய்யப் போனால் சிஸ்டம் பிழை காட்டி நிற்கும். குறைந்தது மூன்று ஆண்டு முன்னோக்கி வைத்திருங்கள்.

பினாங்கில் ஒரு ஆலை, கூலிமில் ஒரு ஆலை என்று இருந்தால் ஒரே காலண்டர் போதாது. கூலிம் கெடா மாநிலம். அங்கே அரசு வார ஓய்வு வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். மாநில விடுமுறைகளும் வேறு. கம்பெனி எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று எச்ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆலைக்கு ஒன்றாகக் காலண்டர் அமையுங்கள்.

மெட்டீரியல் மாஸ்டர்

எம்எம்01-இல் நூற்றுக்கணக்கான ஃபீல்டுகள் இருக்கின்றன. உற்பத்திக்கு உயிர் நாடியானவை சில.

முதலாவது அடிப்படை அலகு. மூடிக்கு பீஸ், ரெசினுக்கு (பிளாஸ்டிக் மூலப்பொருளுக்கு) கிலோ. ஸ்டாக்கும் ஆர்டரும் ஓடத் தொடங்கிய பிறகு இதை மாற்றுவது பெரும் பாடு, எனவே இப்போதே யோசியுங்கள். ரெசின் 25 கிலோ மூட்டையில் வருகிறது என்பதற்காக மூட்டையை அடிப்படை அலகாக்கிவிடாதீர்கள். கிலோவை வைத்து, 1 மூட்டை = 25 கிலோ என்று மாற்று அலகு கொடுத்தால் வாங்குபவர் மூட்டையில் வாங்குவார், மெஷின் கிலோவில் தின்னும்.

எம்ஆர்பி (தேவையைப் பார்த்து ஆர்டரைத் திட்டமிடும் ஓட்டம்) வியூக்களில் மூடிக்கு: எம்ஆர்பி டைப் பிடி, புரொக்யூர்மென்ட் டைப் ஈ, அதாவது உள்ளே செய்வது. வாங்கும் பொருளுக்கு எஃப். லாட் சைஸ் ஈஎக்ஸ் என்றால் தேவைக்குத் தேவை சரியாக ஆர்டர் போடும். மோல்டிங்கில் இது ஆபத்து. 300 பீஸுக்கு ஓர் ஆர்டர், நாளைக்கு 450-க்கு இன்னொன்று என்று வரும்; ஒவ்வொன்றுக்கும் மோல்டு மாற்ற 90 நிமிடம். ஈஎக்ஸ் வைத்தால் மினிமம் லாட் சைஸில் 5,000, ரவுண்டிங் வேல்யூவில் 50 என்று போட்டுவிடுங்கள். 50 என்பது ஒரு பெட்டியின் கொள்ளளவு.

ஸ்கிராப். தளத்தில் சராசரியாக 3 சதவீதம் கெடுகிறது என்று வையுங்கள். அசெம்பிளி ஸ்கிராப் ஃபீல்டில் 3 போட்டால், 10,000 நல்ல மூடிக்கு சிஸ்டம் 10,300-க்கு ஆர்டர் போடும், ரெசினையும் 10,300-க்குக் கேட்கும். இதே 3 சதவீதத்தை பிஓஎம்மில் (மூடிக்கு வேண்டிய பொருட்களின் பட்டியலில்) ரெசின் வரியில் காம்பொனன்ட் ஸ்கிராப்பாகவும் யாராவது போட்டிருந்தால், ரெசின் 10,609 மூடிக்குப் போகும். மாதக் கடைசியில் ஸ்டோரில் எண்ணும்போது மிச்சம் நிற்கும். பழி ஸ்டோர்கீப்பர் மேல் விழும். மூடி முழுதாகக் கெடுவது அசெம்பிளி ஸ்கிராப். ஒரு பாகம் மட்டும் வீணாவது, உதாரணமாகக் கீழே சிந்தும் இன்சர்ட், காம்பொனன்ட் ஸ்கிராப். இந்தப் பிரிவை எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

காஸ்டிங் வியூவில் காஸ்டிங் லாட் சைஸைத் தவறவிடாதீர்கள். காலியாகவோ 1 ஆகவோ விட்டால் 90 நிமிட செட்டப் முழுவதும் ஒரே மூடியின் தலையில் ஏறும். செட்டப் விலை மணிக்கு 60 ரிங்கிட் என்று வைத்தால், ஒரு மூடிக்கு 90 ரிங்கிட். லாட் சைஸ் 10,000 என்றால் அதே செட்டப் ஒரு மூடிக்கு 0.9 சென். ஃபைனான்ஸ் ஆள் அலறிக்கொண்டு வரும் பல நாட்களில் காரணம் இந்த ஓர் ஃபீல்டுதான்.

பிஓஎம்: 1,000 பீஸுக்கு எழுதுங்கள்

சிஎஸ்01, யூசேஜ் 1 (உற்பத்தி). பேஸ் குவான்டிட்டி, அதாவது பட்டியல் எத்தனை பீஸுக்கு என்பது, 1,000.

மூடி எடை 28 கிராம். ஒரு ஷாட்டின் ரன்னர் (கேவிட்டிக்குப் பிளாஸ்டிக் ஓடும் வழியில் உறையும் துண்டு) 12 கிராம், நாலு கேவிட்டிக்குப் பங்கிட்டால் மூடிக்கு 3. ஆக 31 கிராம். 1,000 மூடிக்கு 31 கிலோ. மாஸ்டர்பேட்ச் (நிறக் கலவை) 100 பங்கு ரெசினுக்கு 3 பங்கு என்றால் ரெசின் 30.1 கிலோ, மாஸ்டர்பேட்ச் 0.9 கிலோ. இன்சர்ட் 4,000. பெட்டி 20.

ரன்னரை அரைத்து மீண்டும் கலப்பதாக இருந்தால், 3 கிலோவை மைனஸ் அளவில் பைபிராடக்ட்டாக ஒரு வரி சேருங்கள். அரைத்த பொருளுக்குத் தனி மெட்டீரியல் நம்பர் வேண்டும். வாடிக்கையாளர் மறு அரைப்பை அனுமதிக்காத பொருளில் அந்த வரியே இருக்கக் கூடாது. எடையை டிராயிங்கிலிருந்து எடுக்க வேண்டாம். தராசில் 20 ஷாட்டை ரன்னரோடு நிறுத்துப் பாருங்கள். டிராயிங்கில் ரன்னர் இருக்காது.

மோல்டிங் முடிந்த மூடியைத் தனி மெட்டீரியலாக வைப்பதா என்ற கேள்வி எப்போதும் வரும். மோல்டிங் மூடி ஸ்டோருக்குள் போய், எண்ணப்பட்டு, சில நாள் கிடந்து பிறகு அடுத்த லைனுக்கு வருமானால் தனி நம்பர் கொடுங்கள். மெஷின் பக்கத்திலிருந்து நேரே இன்சர்ட் மேசைக்குப் போவதானால் ஒரே ரூட்டிங்கில் நான்கு ஆபரேஷன் போதும். இந்த எடுத்துக்காட்டில் அப்படித்தான்.

ஒர்க் சென்டர்: அதிகம் பிழை நடக்கும் இடம்

ஒர்க் சென்டர் என்பது வேலை நடக்கும் மெஷின் அல்லது ஆட்கள் குழு. அமைப்பது சிஆர்01-இல். மெஷினுக்குக் கேட்டகரி 0001, ஆட்களுக்கு 0003. யூசேஜ் 009. ஸ்டாண்டர்ட் வேல்யூ கீயாக எஸ்ஏபி1 போட்டால் ரூட்டிங்கில் செட்டப், மெஷின், லேபர் என்று மூன்று நேரக் கட்டங்கள் கிடைக்கும். கன்ட்ரோல் கீ பிபி01 (உள்ளே செய்யும் வேலை). காஸ்டிங் டாப்பில் காஸ்ட் சென்டரும் (செலவு சேரும் பிரிவு), ஒவ்வொரு நேரத்துக்கும் ஓர் ஆக்டிவிட்டி டைப்பும் (மணி விலை கட்டப்படும் பெயர்). அந்த ஆக்டிவிட்டிக்கு கேபி26-இல் விலை திட்டமிடவில்லை என்றால் அடக்கவிலைக் கணக்கு பிழையோடு நிற்கும். ஃபைனான்ஸிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கெப்பாசிட்டி பக்கத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். பகல் ஷிப்ட் காலை 7 முதல் மாலை 7 வரை. இடைவேளை 1 மணி 30 நிமிடம். யூட்டிலைசேஷன், அதாவது மெஷின் உண்மையில் ஓடும் பங்கு, 85 சதவீதம். 10.5 மணியில் 85 சதவீதம் 8.925 மணி. இரவு ஷிப்டும் இதே என்றால் ஒரு மெஷினுக்கு நாளுக்கு 17.85 மணி. இப்படி ஆறு மெஷின் இருந்தால் 107.1 மணி.

85 சதவீதம் என்பது பழுது, சிறு நிறுத்தம், மோல்டு துடைத்தல் ஆகிய எல்லாவற்றையும் விழுங்கிய எண். ஆனால் பல இடங்களில் புரொடக்ஷன் சூப்பர்வைசர் ‘சேஃப்டிக்கு’ என்று 36 விநாடியை 42 ஆக்கிக் கொடுத்திருப்பார். இரண்டும் சேர்ந்தால் மெஷின் நேரத்தில் 73 சதவீதம்தான் பயன்படுவதாகச் சிஸ்டம் நினைக்கும். பிளானர் லோடு தாங்காது என்று ஆர்டரைத் தள்ளிவிடுவார். தளத்தில் மெஷின் சும்மா நிற்கும். ரூட்டிங்கில் சுத்தமான சைக்கிள் நேரம், இழப்பு யூட்டிலைசேஷனில் மட்டும். இதை மாற்றவே மாற்றாதீர்கள்.

வெள்ளிக்கிழமை தனிக் கணக்கு. ஜும்ஆ தொழுகைக்காக இடைவேளை நீளும். 1 மணி 30 நிமிடம் 2 மணி 30 நிமிடமானால், மெஷினுக்கு 0.85 மணி குறையும். ஆறு மெஷினுக்கு 5.1 மணி. ஆண்டுக்கு 50 வெள்ளி என்றால் 255 மெஷின் மணி. இதை ஓபி4ஏ-இல் ஷிப்ட் சீக்குவன்ஸாக அமைத்து வெள்ளிக்கு மட்டும் வேறு ஷிப்ட் டெஃபினிஷன் கொடுத்துவிடலாம். ஆனால் உங்கள் தளத்தில் மற்ற ஆட்கள் ரிலீஃபுக்கு நின்று மெஷினை ஓட்டுகிறார்கள் என்றால் குறைக்க வேண்டியதில்லை. லைன் லீடரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். ஆட்களின் கெப்பாசிட்டியைப் போடும்போது, 2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி என்பதையும் மறக்க வேண்டாம். பழைய ஷீட்டுகளில் 48 என்றே கிடக்கிறது.

ஷெட்யூலிங் டாப்பில் ஃபார்முலா. மெஷின் ஒர்க் சென்டரில் கால அளவு = மெஷின் நேரம் × ஆர்டர் அளவு ÷ பேஸ் குவான்டிட்டி. மெஷின் ஒர்க் சென்டரைக் காப்பி செய்து பேக்கிங் ஒர்க் சென்டர் உருவாக்குவது வழக்கம். பேக்கிங்கில் மெஷின் நேரம் பூஜ்யம். ஃபார்முலா மட்டும் மெஷினையே பார்த்துக்கொண்டிருக்கும். விளைவு: 10,000 மூடியைச் சோதித்து அடுக்குவதற்கு சிஸ்டத்தில் பூஜ்ய நிமிடம். ஆள் வேலை செய்யும் ஒர்க் சென்டரில் ஃபார்முலாவும் லேபர் நேரத்தைப் பார்க்க வேண்டும், ஷெட்யூலிங்குக்கு அடிப்படையான கெப்பாசிட்டியும் ஆள் கெப்பாசிட்டியாக இருக்க வேண்டும்.

கியூ டைம் (வரிசையில் காத்திருக்கும் நேரம்) கட்டத்தில் ஏதாவது போடுமுன் அளந்து பாருங்கள். நான்கு ஒர்க் சென்டரிலும் தலா 8 மணி என்று போட்டால், ஓர் ஆர்டருக்கு 32 வேலை மணி காத்திருப்பு தானாக ஏறிவிடும். இதற்கு மேல் ஷெட்யூலிங் மார்ஜின் கீயில் உற்பத்திக்கு முன்னும் பின்னும் ஃப்ளோட் (கூடுதல் இடைவெளி) நாட்கள், வேறிடத்தில் சேஃப்டி டைம் என்று சேர்த்தால் மூன்று நாள் வேலை மூன்று வாரமாகும். தொடக்கத்தில் கியூவைப் பூஜ்யமாக வைத்து, ஃப்ளோட்டில் மட்டும் ஒன்றிரண்டு நாள் கொடுப்பதே எங்கள் பரிந்துரை.

ரூட்டிங்

முதலில் அளவெடுப்பு. மோல்டு டிரையல் ரிப்போர்ட்டில் இருக்கும் சைக்கிளை நம்பாதீர்கள். அது நல்ல டெக்னீஷியன் பக்கத்தில் நின்று கவனித்த நேரம். ஆப்பரேட்டர் கதவைத் திறந்து பீஸை எடுக்கும் மெஷினானால், கதவு திறப்பதிலிருந்து அடுத்த முறை கதவு திறக்கும் வரை ஒரு சைக்கிள். 20 ஷாட் தொடர்ச்சியாக எடுங்கள், பகலில் ஒருமுறை, இரவு ஷிப்டில் ஒருமுறை. இடையில் மெஷின் நின்றால் அந்த ஷாட்டை நீக்கிவிடுங்கள்; அது யூட்டிலைசேஷனின் பங்கு.

இப்போது சிஏ01. யூசேஜ் 1, ஸ்டேட்டஸ் 4 (ரிலீஸ் ஆனது). ஸ்டேட்டஸ் 1-இல் விட்டுவிட்டு ‘ரூட்டிங் இருக்கிறதே, ஆர்டரில் ஏன் வரவில்லை’ என்று தேடுவது அன்றாடம் நடக்கிறது. தொடங்கும் தேதியை இன்றைக்கு வைக்காதீர்கள். எம்ஆர்பி பின்னோக்கி எண்ணும்போது ஆர்டர் தொடக்கம் பழைய தேதிக்குப் போகலாம். அன்றைக்குச் செல்லும் ரூட்டிங் இல்லை என்று சொல்லிவிடும். பிஓஎம், ரூட்டிங், புரொடக்ஷன் வெர்ஷன் (எந்த பிஓஎம்மோடு எந்த ரூட்டிங் என்று கட்டும் பதிவு; கீழே வரும்) மூன்றுக்கும் ஒரே பழைய தேதி, ஆண்டின் ஜனவரி 1 என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பேஸ் குவான்டிட்டியும் அலகும்தான் இங்கே உயிர். நேரக் கட்டத்தில் மூன்று தசம இடம்தான் நிற்கும். 9 விநாடியை ஒரு பீஸுக்கு மணியில் எழுதினால் 0.0025. கட்டம் ஏற்காது, போடுபவர் 0.003 என்று முழுமையாக்குவார். 20 சதவீதம் கூடிவிட்டது: 10,000 மூடிக்கு 25 மணி போய் 30 மணி. அதையே 1,000 பீஸுக்கு நிமிடத்தில் எழுதினால் 150, சுத்தமான எண். எனவே ஆலை முழுவதும் பேஸ் 1,000, அலகு நிமிடம் என்று ஒரே விதி வையுங்கள். இதில் நடக்கும் பெரும் விபத்து வேறு: 150-ஐ எழுதிவிட்டு பேஸ் 1,000 ஆக்க மறப்பது. அப்போது ஒரு மூடிக்கு இரண்டரை மணி; ஆர்டர் முடிவுத் தேதி சில ஆண்டு தள்ளிப் போய் நிற்கும். நல்லவேளையாக இதைக் கண்ணால் பார்த்தே பிடித்துவிடலாம்.

நான்கு ஆபரேஷனும் 1,000 மூடிக்கு:

0010 மோல்டிங்: செட்டப் 90, மெஷின் 150, லேபர் 75. ஓர் ஆப்பரேட்டர் இரண்டு மெஷின் பார்க்கிறார், அதனால் லேபர் பாதி.

0020 இன்சர்ட்: ஒரு மூடிக்கு 30 விநாடி. செட்டப் 15, மெஷின் 500, லேபர் 500.

0030 பேட் பிரிண்டிங்: மூடிக்கு 10 விநாடி. செட்டப் 30, மெஷின் 166.667, லேபர் 166.667. மை காய 4 மணி நேரம்.

0040 சோதனையும் பேக்கிங்கும்: மூடிக்கு 12 விநாடி. லேபர் 200 மட்டும்.

ஏபிஎஸ்ஸை 80 டிகிரியில் 2 முதல் 4 மணி நேரம் உலர்த்துவதை ஆபரேஷனாக எழுத வேண்டியதில்லை. ஹாப்பர் டிரையரில் மெஷின் ஓடும்போதே நடக்கிறது. டிரையரே பற்றாக்குறையாக இருக்கும் ஆலையில் மட்டும் அதற்கு ஒர்க் சென்டர் வையுங்கள்.

மை காயும் 4 மணியை மெஷின் நேரத்தில் சேர்க்கக் கூடாது. மெஷின் அந்நேரம் வேறு வேலைக்குப் போய்விடும். ஆபரேஷனின் இன்டர்ஆபரேஷன் பகுதியில் வெயிட் டைம் என்று போடுங்கள். வெயிட் டைம் இரவு பகல் விடுமுறை பார்க்காமல் ஓடும். மையும் அப்படித்தான் காய்கிறது. கியூ டைம் வேலை நேரத்தில் மட்டுமே ஓடும். இரண்டையும் மாற்றிப் போட்டால் வார இறுதியில் வித்தியாசம் தெரியும்.

பிரிண்டிங்கை வெளிக் கம்பெனிக்கு அனுப்புவதானால் 0030-இன் கன்ட்ரோல் கீயை பிபி02 ஆக்கி, டெலிவரி நாட்கள், பர்ச்சேசிங் குரூப், காஸ்ட் எலிமென்ட், விலை எல்லாம் நிரப்ப வேண்டும். ஆர்டர் உருவானால் பர்ச்சேஸ் ரெக்விசிஷன் (கொள்முதல் கோரிக்கை) வரும்.

ஸ்பிளிட், அதாவது ஒரு வேலையைப் பல மெஷினுக்குப் பிரிப்பது, பற்றி. ஆறு மெஷின் இருக்கிறதே, மோல்டிங் ஆறில் ஒரு பங்கு நேரத்தில் முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. சிஸ்டம் தானாக வேலையை மெஷின்களுக்குப் பிரிக்காது. ஒரு மெஷினின் நேரத்தில்தான் கால அளவைக் கணக்கிடும். மோல்டும் ஒன்றுதானே, ஆறு மெஷினில் எப்படி ஓடும்? 0010-இல் ஸ்பிளிட் போடவே கூடாது. 0020-இன் கதை வேறு. 10,000 மூடிக்கு 5,000 நிமிடம், 83 மணிக்கு மேல். இன்சர்ட் மெஷின் மூன்று இருந்தால் ரிக்வயர்டு ஸ்பிளிட்டிங்கை டிக் செய்து 3 போடுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் செட்டப் உண்டு. 0040-இல் இரண்டு ஆள் என்றால் 2.

அடுத்தது பலர் தாண்டிப் போகும் படி: காம்பொனன்ட் அலொகேஷன். பிஓஎம் வரிகளை ஆபரேஷனுக்குக் கட்டாவிட்டால் எல்லாமே முதல் ஆபரேஷனில் போய் ஒட்டிக்கொள்ளும். பேக்ஃப்ளஷ் (வேலை முடிந்ததாகப் பதிந்ததும் பொருள் தானாகக் கழிவது) வைத்திருந்தால், 0010-இல் மோல்டிங்கை உறுதிசெய்த கணமே பெட்டியும் இன்சர்ட்டும் ஸ்டாக்கில் கழியும். பெட்டியை இன்னும் யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள். ரெசின், மாஸ்டர்பேட்ச் 0010; இன்சர்ட் 0020; பெட்டி 0040.

புரொடக்ஷன் வெர்ஷன்

எஸ்/4 ஹானாவில் எம்ஆர்பி பிஓஎம்மையும் ரூட்டிங்கையும் புரொடக்ஷன் வெர்ஷன் வழியாகத்தான் தேர்ந்தெடுக்கும். இசிசியிலிருந்து வருபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பிளான்டு ஆர்டர் (எம்ஆர்பி முன்மொழியும் ஆர்டர்) வரும், உள்ளே காம்பொனன்ட் ஒன்றும் இருக்காது. சி223-இல் லாட் சைஸ் எல்லை 1 முதல் 99,999,999, பிஓஎம் யூசேஜ் 1 ஆல்டர்னேட்டிவ் 1, ரூட்டிங் டைப் என், அதன் குரூப், கவுண்டர் (ரூட்டிங்கின் அடையாள எண்கள்) கொடுத்து செக் பட்டனை அழுத்துங்கள். பச்சை வர வேண்டும். வாடகைக்கு ஓடும் இரண்டாவது மோல்டு 2 கேவிட்டி என்றால் அதற்குத் தனி ரூட்டிங் கவுண்டரும் தனி வெர்ஷனும்.

எக்செல் வழியே மைக்ரேஷன் காக்பிட்டில் (தரவை மொத்தமாக ஏற்றும் கருவி) ஏற்றும்போது ஆபரேஷன் எண் கட்டத்தை டெக்ஸ்ட்டாக வையுங்கள். இல்லையென்றால் 0010 வெறும் 10 ஆகும், மெட்டீரியல் நம்பரின் முன் பூஜ்யங்களும் உதிரும். அலகுக் கட்டத்தை மட்டும் தனியாக ஃபில்டர் போட்டுப் பாருங்கள்: முந்நூறு வரியில் இரண்டே வரி மணியில் இருந்தால் அந்த இரண்டும்தான் நாளைக்கு உங்கள் தலைவலி.

ஏற்றிய பிறகு ஓர் ஆர்டரால் சோதிப்பது

சிஓ01-இல் 10,000 மூடிக்கு ஓர் ஆர்டர் போடுங்கள். அசெம்பிளி ஸ்கிராப்பைச் சோதனைக்காகப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள், கணக்கு எளிதாகும். ஆபரேஷன் ஓவர்வியூவில் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள்:

0010: 90 + 1,500 = 1,590 நிமிடம், 26.5 மணி. 0020: 15 + 5,000 ÷ 3, சுமார் 28 மணி. 0030: 30 + 1,666.67, சுமார் 28.3 மணி, அதன் பின் 4 மணி வெயிட். 0040: 2,000 ÷ 2 நிமிடம், சுமார் 16.7 மணி. வெயிட்டை விட்டுக் கூட்டினால் 99.5 மணி. எல்லா ஒர்க் சென்டரும் இரண்டு ஷிப்ட், நாளுக்கு 17.85 மணி என்றால் 5.6 வேலை நாள். தொடக்க, முடிவுத் தேதிகள் வெள்ளி இடைவேளையும் விடுமுறையும் கூட்டி இதற்கு ஒத்து வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் கியூ டைம், ஃப்ளோட், காலண்டர் இந்த மூன்றில் ஒன்று.

மெட்டீரியல் மாஸ்டரின் இன்-ஹவுஸ் புரொடக்ஷன் டைமில் யாரோ 15 நாள் என்று போட்டுவைத்திருந்தால், பேசிக் டேட் ஷெட்யூலிங்கில் எம்ஆர்பி அந்த 15-ஐத்தான் எடுக்கும். நீங்கள் உழைத்து அமைத்த ரூட்டிங்கைத் திரும்பியும் பார்க்காது. ரூட்டிங்கை ஷெட்யூல் செய்து வந்த நேரத்தை மெட்டீரியல் மாஸ்டருக்கு எழுதும் வசதி உண்டு. நிறைய பொருளுக்கு ஒரே தடவையில் செய்ய சிஏ97.

பிறகு சிகே11என்-இல் அடக்கவிலையை ஓட்டிப் பாருங்கள், சேவ் செய்யாமல். ரெசின் 10,000 மூடிக்கு 301 கிலோ வர வேண்டும், மோல்டிங் செட்டப் ஒரு மூடிக்கு ஒரு சென்னுக்கும் கீழே இருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் அலகும் லாட் சைஸும் சரி.

கடைசியில் அந்த ஆர்டரை ரிலீஸ் செய்து சிஓ11என்-இல் 0010-ஐ மட்டும் 1,000 பீஸுக்கு உறுதிசெய்யுங்கள். ரெசின் 30.1 கிலோ, மாஸ்டர்பேட்ச் 0.9 கிலோ கழிந்ததா, பெட்டி தொடாமல் இருக்கிறதா என்று ஸ்டாக்கில் பாருங்கள். கழியாமல் தோற்றுப்போனவை சிஓஜிஐ பட்டியலில் நிற்கும். ஸ்டோரேஜ் லொகேஷன் தவறாக இருப்பதும் அங்கே ஸ்டாக் இல்லாததும் வழக்கமான காரணங்கள். கோ-லைவ் ஆன (சிஸ்டம் நிஜப் பயன்பாட்டுக்கு வந்த) முதல் மாதம் இந்தப் பட்டியலை ஒவ்வொரு காலையும் ஏழரை மணி உற்பத்திக் கூட்டத்துக்கு முன்பே ஒருவர் திறந்து காலி செய்ய வேண்டும், அவர் பெயரை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.